மாசம் 3 லட்சம் வந்தாலும் மிடில் கிளாஸா?

கணவன், மனைவி இருவருக்கும் ஐ.டி. வேலை. மாதம் 3 லட்சம் கைக்கு வருகிறது. கேட்டால், "நாங்கல்லாம் மிடில் கிளாஸ்தாங்க" என்கிறார்கள். சென்னை ஓஎம்ஆரில் இப்படிப் பல குடும்பங்களை எனக்குத் தெரியும்.

அவர்கள் பொய் சொல்லவில்லை. ஃபிளாட் இஎம்ஐ, ஸ்கூல் ஃபீஸ், கார் லோன், ஊரிலிருக்கும் பெற்றோருக்கு மருந்துச் செலவு எல்லாம் போனால் மிச்சம் சொற்பம்தான். வேலை போய்விடுமோ என்ற பயமும் நிஜம்.

ஆனால், பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழு 2022-இல் வெளியிட்ட அறிக்கை என்ன சொல்கிறது? மாதம் 25,000 ரூபாய் சம்பாதித்தாலே இந்தியாவில் சம்பளம் வாங்குவோரில் முதல் 10 சதவீதத்துக்குள் வந்துவிடலாம்!

இஎம்ஐ கட்டுபவருக்குக் கடைசியில் வீடு சொந்தமாகும். அதே ஃபிளாட்டில் பாத்திரம் தேய்க்க பெரும்பாக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வரும் அக்காவுக்கு, ஒருநாள் லீவு போட்டால் சம்பளம் பிடிப்பார்களோ என்ற கவலை. இரண்டும் கஷ்டம்தான். ஆனால் ஒரே கஷ்டம் இல்லை.

இதை ஏன் பேச வேண்டும்? 2025 பட்ஜெட்டில் 12 லட்சம் வரை வருமான வரி இல்லை என்றதை நடுத்தர மக்களுக்கான சலுகை என்றார்கள். நாட்டின் உண்மையான நடுவில் இருப்பவர்கள் வருமான வரி வரம்புக்குள்ளேயே வருவதில்லை. அவர்களுக்கு வேண்டியது நல்ல அரசுப் பள்ளி, மருந்து இருக்கும் அரசு மருத்துவமனை, நேரத்துக்கு வரும் பஸ்.

நெருக்கடி இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். நடு இடத்தை மட்டும் அங்கே இருப்பவர்களுக்கு விட்டுவிடுங்கள்.