கட்டைக் குரல்

கொட்டகைக்குள் காலை வைத்ததும் ஒரு பெட்டைக் கோழி கூப்பிட்டது. குனிந்து மேஜைக்கடியில் பார்த்தேன்; ஒன்றும் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெரியவரின் உள்ளங்கையில் ஒரு மரப்பெட்டி இருந்தது. பள்ளிக்கூடத்துப் பென்சில் டப்பாவைவிடக் கொஞ்சம் நீளம், ஒரு முனையில் மட்டும் திருகு போட்ட மூடி. மூடியைப் பக்கவாட்டில் லேசாக இழுத்தார். மறுபடி அதே கோழி.

தென் கரோலைனாவின் எட்ஜ்ஃபீல்டுக்கு வெளியே, பைன் மரங்களுக்கு நடுவில் இருக்கிறது அந்தக் கொட்டகை. ஜார்ஜியாவின் அகஸ்டாவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன்; அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். எட்ஜ்ஃபீல்டு சின்ன ஊர்தான். ஆனால் 1973-இல் தொடங்கிய தேசியக் காட்டு வான்கோழிக் கூட்டமைப்பின் தலைமையகமும், அந்தப் பறவைக்கென்றே ஓர் அருங்காட்சியகமும் இங்கேதான் இருக்கின்றன. தங்கை மகனுக்குப் பெரியவரைத் தெரியும். "மாமா, நரசிங்கம்பேட்டைக்குப் போய் நாகஸ்வரம் கடையறதைப் பார்த்தீங்களே, வான்கோழியைக் கூப்பிடற பெட்டி செய்யற இவரையும் ஒரு தடவை பாருங்க" என்று கூட்டிவந்தான்.

வசந்தத்தில் ஆண் வான்கோழி விடியும் முன்பே மரக்கிளையில் இருந்தபடி முழங்கும். அதைக் கேட்டுப் பெட்டைகள் அதைத் தேடி வரும். வேட்டைக்காரர் இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும்: பெட்டையின் குரலில் கூப்பிட்டு ஆணை நடந்து வரவைக்க வேண்டும். துப்பாக்கி எட்டுவது ஏறக்குறைய 40 கஜம். பறவைக்கோ கண் படு கூர்மை, இமை அசைந்தாலும் கண்டுகொள்ளும். ஒளிந்து நெருங்குவது நடக்காது. நம்புவதற்குக் குரல் ஒன்றுதான் மிச்சம்.

பெட்டையின் சாதாரண அழைப்பை 'யெல்ப்' என்கிறார்கள். கேட்டால் ஒரே சத்தம் போலத்தான் இருக்கும். அது இரண்டு சுரம் என்று பெரியவர் காட்டித் தந்தார். மெல்லிய உயர்ந்த ஒலியில் எழுந்து, நடுவில் உடைந்து, கட்டைக் குரலில் விழுகிறது. "அந்த உடைசல் இருக்கே, அதுக்குத்தான் இந்த வேலை அத்தனையும்" என்றார். மூடியின் அடிப்பக்கம் லேசாக வளைந்திருக்கிறது. பெட்டியின் பக்கப்பலகை விளிம்பும் வில்போல் வளைந்திருக்கிறது. சாக்பீஸ் பூசிய இரண்டும் உரசும்போது, மூடி பிடித்துப் பிடித்து விடுவதால் பலகை அதிர்கிறது. மூடி விளிம்பின் மேல் உருண்டு போகையில் ஓரிடத்தில் சுரம் மாறும். அந்த இடம் சரியாக அமைய, உப்புத்தாளை விரலில் சுற்றி மூன்று தடவை தேய்ப்பார். காதருகில் வைத்து இழுப்பார். மறுபடி ஒரு தடவை தேய்ப்பார். அளவுகோல் எதையும் தொடவில்லை. ஒரு தேய்ப்பு அதிகமானால் குரல் கெட்டுவிடும். போன மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது.

இந்த மாதிரிப் பெட்டிக்கு ஆர்கன்சாவின் டார்டனெல் ஊரைச் சேர்ந்த ஹென்றி கிப்சன் 1897-இல் காப்புரிமை பெற்றார். அடிப்படை அமைப்பு இன்னும் அதேதான். பெரியவர் மரியாதையோடு சொன்ன பெயர் வேறு: பக்கத்து கிரீன்வுட்டில் இருந்த நீல் காஸ்ட். துடுப்பு போல நீண்ட மூடி வைத்த அவருடைய பெட்டிகளை இப்போது சேகரிப்பாளர்கள் ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கிக் கண்ணாடிக்குள் வைக்கிறார்கள். "குரல் கொடுக்கச் செஞ்ச பெட்டியை வாயடைச்சு வெக்கறாங்க" என்றார் பெரியவர். அவர் வருத்தம் எனக்குப் புரிந்தது.

புதிதாக வருகிறவருக்கு எதைக் கொடுப்பீர்கள் என்று கேட்டேன். பெட்டியைத்தான் என்றார், பழகாத கையிலும் அது பேசிவிடும், காற்றடிக்கும் நாளில் தூரம் போகும். ஆனால் ஈரம் பட்டால் ஊமை. அடுத்து ஒரு வட்டமான மரக்கிண்ணத்தை எடுத்து நீட்டினார். அதன் முகத்தில் பதித்திருந்தது சிலேட்டு. நான் எழுதிப் பழகிய அதே கல். மரக்குச்சியால் அதன்மேல் சின்னதாக வட்டம் போட்டால் யெல்ப். மெதுவாக இழுத்தால் மேய்கிற பறவையின் அடித்தொண்டை முனகல். சின்ன வயதில் சிலேட்டுக்குச்சி கிறீச்சிட்டால் பல் கூசிக் காதைப் பொத்திக்கொள்வோமே, அந்த ஒலியை அடக்கிப் பழக்கினால் கோழியாகும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. பக்கத்தில் நெருங்கிவிட்ட பறவைக்கு இந்த மென்மைதான் சரி. ஆனால் இரண்டு கையும் இதற்கே போய்விடும். துப்பாக்கியைத் தொடக் கை வேண்டுமென்றால் வாய்க்குள் வைக்கும் கருவி: குதிரை லாட வடிவச் சட்டத்தில் மெல்லிய ரப்பரை இழுத்துக் கட்டியது. மேலண்ணத்தில் நாக்கால் அழுத்தி ஊத வேண்டும். எனக்குக் குமட்டியது, சத்தமே வரவில்லை. பலர் பல மாதம் காரோட்டும்போது பயிற்சி செய்துதான் பிடிக்கிறார்களாம்.

கடைசியாக மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு எலும்புக் குழலை எடுத்தார். பெட்டை வான்கோழியின் சிறகெலும்புகள் மூன்றை ஒன்றுக்குள் ஒன்று செருகியது. இந்த மண்ணின் ஆதிக்குடிகள் வெள்ளையர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே செய்த கருவி. இதை ஊதக்கூடாது, உதட்டைக் குவித்து உறிஞ்ச வேண்டும். பறவையின் எலும்பே பறவையைக் கூப்பிடுகிறது என்பது என்னைச் சற்று நேரம் பேசவிடாமல் செய்தது.

மரத்தைப் பற்றிக் கேட்டதும் வெளிறிய பழுப்பில், புழு துளைத்த ஒரு பலகையைத் தூக்கிவந்தார். இடித்த பழைய தானியக் கொட்டகையிலிருந்து வாங்கிய அமெரிக்கச் செஸ்ட்நட். நரசிங்கம்பேட்டையில் பழைய வீட்டு உத்திரமாக இருந்த ஆச்சா மரத்தைத் தேடி வாங்குவது நினைவுக்கு வந்தது; காய்ந்து கெட்டித்த மரம்தான் குரலைத் தாங்கும் என்று அங்கேயும் சொல்வார்கள். இங்கே பழைய மரத்தைத் தேட இன்னொரு காரணமும் உண்டு. 1904-இல் நியூயார்க்கில் கண்டறிந்த ஒரு பூஞ்சை நோய் சில பத்தாண்டுகளில் செஸ்ட்நட் காடுகளை அழித்துவிட்டது. அதன் கொட்டைகளைத் தின்று வாழ்ந்த வான்கோழிகளையும் காடழிப்பும் வரம்பில்லாத வேட்டையும் அதற்கு முன்பே பல மாநிலங்களிலிருந்து துடைத்திருந்தன. பண்ணையில் வளர்த்த குஞ்சுகளைக் காட்டில் விட்டுப் பார்த்தார்கள், பிழைக்கவில்லை. பிறகு 1950களில், இதே மாநிலத்தின் பிரான்சிஸ் மேரியன் காட்டில் தப்பியிருந்த பறவைகளைப் பீரங்கி வலை வீசி உயிரோடு பிடித்து, பறவை இல்லாத காடுகளில் விட்டார்கள். அதுதான் பலித்தது. 1973-இல் நாடு முழுக்கச் சுமார் 13 லட்சமாக இருந்த எண்ணிக்கை ஒரு கட்டத்தில் 70 லட்சத்தை நெருங்கியது. இப்போது தென்கிழக்கு மாநிலங்களில் மறுபடி குறைகிறது. "நான் சின்னப் பையனா இருந்தப்ப எங்க தாத்தா பெட்டி வெச்சிருந்தார், கூப்பிட்டா வர்றதுக்குப் பறவை இல்ல. அதைத் திரும்பப் பார்த்துடக் கூடாது" என்று ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்.

நாங்கள் கிளம்பும்போது மேலலமாரியில் தூசி படிந்த ஒரு பெட்டி தனியாக இருந்ததைப் பார்த்தேன். எடுத்து இழுத்தேன். சுரம் உடைய வேண்டிய இடத்தில் கரகரவென்று இழுபட்டது. "அது தேறாதது, அடுப்புக்குப் போக வேண்டியது" என்றார். ஏனோ மறுநாள் எங்களை வேட்டைக்குக் கூட்டிப்போனபோது அதையும் பையில் போட்டுக்கொண்டார்.

ஏப்ரல் மாத விடியல். கிளம்பும் முன் டார்ச் வெளிச்சத்தில் எங்களைச் சோதித்தார். மருமகனின் நீலத் தொப்பியும் என் வெள்ளைக் கைக்குட்டையும் வண்டியிலேயே தங்கின. சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் ஆண் வான்கோழியின் தலை நிறங்கள். இந்தக் கருவிகள் மனிதர்களையும் ஏமாற்றும். கோழிக் குரலை நம்பி இன்னொரு வேட்டைக்காரரைச் சுட்ட விபத்துகள் நடந்திருக்கின்றன. இதை அவர் குரலை உயர்த்தாமல், இரண்டு முறை சொன்னார்.

ஓக் மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தோம். ஆந்தைபோல வாயாலேயே கூவினார். தூரத்திலிருந்து பதிலாக முழக்கம் வந்தது. பெட்டியில் மூன்றே யெல்ப், அவ்வளவுதான். இன்னும் கூப்பிடலாமே என்று எனக்குக் கை பரபரத்தது. அவர் மூடிக்குக் கீழே துணியைச் செருகிப் பெட்டியை மடியில் வைத்துவிட்டு, விரலால் சருகைக் கிளறினார், கோழி கிளறுவது போலவே. முழக்கம் நெருங்கியது. ஓடைக்கு அந்தப் பக்கம் விரித்த வால் தெரிந்தது; காலை வெயிலில் செம்பும் பச்சையுமாக மின்னியது. 70 கஜத்தில் நின்றுவிட்டது. 'பெட்டைதானே வர வேண்டும்' என்று அது காத்திருந்தது. நாங்களும் காத்திருந்தோம்.

அப்போது எங்களுக்கு இடது பக்கமிருந்து நிஜமான ஒரு பெட்டை கூப்பிட்டது. கரகரத்த குரல். இழுபட்டு, தடுமாறி, உடைய வேண்டிய இடத்தில் உடையாமல். ஆண் ஒரு நொடியும் தயங்காமல் திரும்பி அவள் பின்னால் போயிற்று. பெரியவர் துப்பாக்கியைத் தொடவில்லை. அவர் தலை மட்டும் அந்தக் குரல் வந்த திசையில் சாய்ந்திருந்தது.

கொட்டகைக்குத் திரும்பியதும் காபிகூடப் போடவில்லை. பையிலிருந்து அந்தத் தேறாத பெட்டியை எடுத்து, சாக்பீஸ் பூசி, கண்ணை மூடி ஒரு முறை இழுத்தார். பிறகு உப்புத்தாளைத் தள்ளி வைத்துவிட்டு, பென்சிலால் அடிப்பலகையில் தேதியையும் எண்ணையும் தன் பெயரையும் எழுதினார்.