மட்டும்

எங்களுக்கு அக்கவுன்டன்ஸி எடுத்த பேராசிரியர் காலமானபோது, பழைய பி.காம். மாணவர்கள் சேர்ந்து இணையத்தில் ஓர் அஞ்சலிப் பக்கம் திறந்தோம். பத்திரிகைக்காரன் என்பதால் பொறுப்பு என் தலையில். யார் வேண்டுமானாலும் நாலு வரி எழுதலாம். துக்கம் விசாரிக்க வருகிறவரைச் சோதனையா போடமுடியும்?

மூன்றாம் நாள் காலை, சாரின் மனைவியிடமிருந்து போன். ''தம்பி, சார் படத்தைப் பார்க்கலாம்னு திறந்தா, ஏதோ சீட்டாட்டம் வருதுப்பா...''

வெலவெலத்துவிட்டது. பக்கத்தை அமைத்துக்கொடுத்த பையனைப் பிடித்தேன். ஐந்தே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டான். யாரோ ஒரு புண்ணியவான் இரங்கல் செய்திக்குப் பதில் இரண்டு வரி புரோகிராம் எழுதியிருக்கிறான். எங்கள் பக்கம் அதை அப்படியே பிரவுசரிடம் நீட்ட, அது கட்டளை என்று நினைத்து, வந்தவர்களை எல்லாம் சூதாட்டத் தளத்துக்கு அழைத்துப் போயிருக்கிறது. 'கிராஸ் சைட் ஸ்கிரிப்டிங்' என்று பெயராம்.

''ஸ்கிரிப்ட்ங்கற வார்த்தை வந்தாலே தடுத்துடலாமே?'' என்றேன் புத்திசாலித்தனமாக.

''மைஸ்பேஸ்காரங்களும் அப்படித்தான் சார் நினைச்சாங்க'' என்று சிரித்தான்.

நடந்தது 2005 அக்டோபரில். அமெரிக்க இளசுகள் மொய்த்துக்கொண்டிருந்த மைஸ்பேஸ் தளம், 'ஜாவாஸ்கிரிப்ட்' என்ற சொல்லையே வெட்டி எறிந்தது. 19 வயது சாமி கம்கார், ஜாவாவை ஒரு வரியிலும் ஸ்கிரிப்ட்டை அடுத்த வரியிலும் எழுதினார். காவலாளி ஏமாந்தான். சில பிரவுசர்கள் சேர்த்துப் படித்துவிட்டன! சாமியின் பக்கத்தைப் பார்த்தவரெல்லாம் தமக்கே தெரியாமல் அவருக்கு நட்பு விண்ணப்பம் அனுப்பினார்கள். 'சாமிதான் என் ஹீரோ' என்ற வரியும் அந்த புரோகிராமும் அவர்கள் பக்கத்தில் ஒட்டிக்கொண்டன. அதைப் பார்த்தவருக்கும் அதே கதி. இருபது மணி நேரத்துக்குள் பத்து லட்சம் பேருக்கு மேல்! தளத்தைச் சற்று நேரம் மூடவேண்டியதாயிற்று.

''அப்ப என்னதான் வழி?''

''கெட்ட வார்த்தையைத் தேடிக்கிட்டிருக்கக் கூடாது சார். எதை எழுதினாலும் அது வெறும் எழுத்து மட்டும்தான்னு பிரவுசருக்குச் சொல்லிடணும்.''

கட்டளையைத் தொடங்கிவைக்கும் கூர் அடைப்புக்குறியை, திரையில் குறியாகத் தெரிவதோடு நின்றுவிடும்படி மாற்றிவிட வேண்டுமாம். டேட்டாபேஸிலும் இதே விதி. நாம் கேட்கும் கேள்வியோடு வாசகர் எழுதியதை ஒட்டித் தைக்காமல், தனியாகக் கொடுக்கவேண்டும். ஒட்டினால், பெயர் கேட்ட கட்டத்தில் 'எல்லாவற்றையும் அழி' என்று எழுதிவிட்டுப் போவான்.

சட்டென்று புரிந்தது. காரணம், சார்தான். செக் எழுதக் கற்றுத்தந்தபோது, தொகைக்குப் பின்னால் 'மட்டும்' போட்டு, மிச்ச இடத்தில் கோடு இழுக்கச் சொல்வார். ''காலி இடம் விட்டா எவனாவது எழுதுவான். அதுக்கும் உன் கையெழுத்துதான்டா பதில் சொல்லணும்!''

அவருடைய பக்கத்திலேயே கோடு இழுக்க மறந்திருக்கிறேன்.

மாலைக்குள் பையன் சரிசெய்தான். அம்மாவுக்கு போன் போட்டு, ''இப்ப பாருங்கம்மா'' என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

''வந்துட்டார் தம்பி. சிரிக்கிறார்'' என்றார்.