இடிகோலில் இரு கீறல்கள்

பழைய தெல்தெனியா நகரம் விக்டோரியா நீர்த்தேக்கத்துள் மூழ்குவதற்குச் சில ஆண்டுகளின் முன்னர், கண்டியிலிருந்து மகியங்கனை செல்லும் வீதிக்கு அப்பால் மரவள்ளி பயிரிட்டு வாழ்ந்த முதியவர் ஒருவரிடம், அனுமதிப்பத்திரம் பெற்ற இடியன் துவக்கு ஒன்று இருந்தது. காட்டுப்பன்றிக்கு அஞ்சியே அதனை வைத்திருந்தார். அவரது இடக்கையில் இரு விரல்கள் இல்லை. ஒருமுறை இட்ட மருந்தை மறந்து மறுமுறையும் இட்டதன் விளைவு அது.

அதன் பின்னரே இடிகோலில் இரு கீறல்கள் இட்டார். வெறுங்குழலில் கோலை இறக்கினால் மேற்கீறல் குழல்வாயோடு ஒத்து நிற்கும். மருந்தும் சன்னமும் அளவோடு இடிபட்டிருப்பின் கீழ்க்கீறல் ஒத்து நிற்கும். அக்கீறலும் வாய்க்கு மேலெழுமாயின், இருமுறை இட்டாயிற்று என்பது பொருள்.

மழைத்தூறல் விழுந்த ஓரிரவு, காவற்குடிலிற் கண்விழித்தவர், வழக்கம்போலக் கோலை இறக்கிப் பார்த்தார். வெறுமையாயிருக்கவேண்டிய குழலிற் கீழ்க்கீறல் நின்றது.

"தம்பி, நீ மருந்து போட்டியா?"

"ஆமா தாத்தா. நீங்க தூங்கிட்டீங்க."

அவர் ஒன்றும் பேசவில்லை. கையிலெடுத்த மருந்தைக் கொம்பிலே திரும்பக் கொட்டினார்.

துவக்குக் கலையில் கண்டிக் கொல்லர் சளைத்தவரல்லர். விசைப்பொறியைக் குழலின் இடப்பக்கத்தே அமைத்த அவர்தம் துவக்குகள் பெயர்பெற்றவை. எனினும் மருந்தின் அளவு சுடுபவனின் நினைவையே நம்பியிருந்தது.

அப்பேரன் பல்லாண்டுகளின் பின் கனடாவில், நண்பரொருவரின் வீட்டிலே தோட்டா நிரப்பும் பொறியொன்றைக் கண்டான். நெம்புகோலை ஒருமுறை இழுத்தால் வெற்றுறைகள் யாவும் ஒவ்வொரு நிலை நகரும். ஒருபுறம் மருந்து விழும், மறுபுறம் முழுத்தோட்டா வெளிவரும். வேகம் மிக்கது, ஆனால் ஒவ்வோர் உறைக்குள்ளும் கண் செல்வதில்லை. மருந்தில்லாத தோட்டாவின் சன்னம் குழலிடையே சிக்கலாம். அதையறியாது அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். இருமடங்கு மருந்தோ துவக்கையே பிளக்கும்.

ஆதலால் மருந்து விழும் நிலைக்கு அடுத்து ஒரு சிறுகோல் அமைத்திருக்கின்றனர். அது உறைக்குள் இறங்கி மருந்தின்மேல் நிற்கும். டில்லன் பொறியில், அதன் வெட்டு உரிய உயரத்தில் நில்லாவிடின் மணி ஒலிக்கும். ஆர்.சி.பி.எஸ். அமைத்த வேறொரு வகையில் பொறியே இறுகி நின்றுவிடும்.

இதுவும் உயரத்தை அளப்பதேயன்றி எடையை அளப்பதன்று. சிற்றளவு மிகையை அது காட்டாது. மருந்தின் இனம் மாறியதையும் அறியாது. தராசு வேண்டியதே. முதியவரின் கோலும் மருந்து நனைந்ததைச் சொல்லியதில்லை.

நண்பர் சோதனைக்காக மருந்தில்லா உறையொன்றை வைத்து நெம்புகோலை இழுத்தார். மணி ஒலித்தது. பேரன் அக்கோலைக் கழற்றித் தரும்படி கேட்டு வாங்கி, அதன் வெட்டை நகத்தால் நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தான்.