மார்கழியும் சைக்கிள் பெருமையும்

டவுன்ல இருக்கறவங்களுக்கு மார்கழின்னா கச்சேரி, கோலம், கோயில் பொங்கல். எங்க பக்கம் அதோட இன்னொன்னும் சேரும்ங்க, சைக்கிள் பெருமை. வருசம் பூரா வண்டியைத் துடைக்கக்கூட நேரமில்லாத ஆளுக, இந்த ரெண்டு மாசம் மட்டும் எண்ணெய் போட்டு, மட்கார்டைப் பளபளன்னு துடைச்சு, டீக்கடை முன்னாடி கொண்டு வந்து நிறுத்திட்டு "எப்புடி இருக்குது?"ன்னு கேட்டுட்டு நிப்பாங்க.

காரணம் பனிதான். மத்த மாசத்துல ஆறு மணிக்கே காட்டுல நிக்கற ஆளுக நாங்க. மார்கழி, தையில எலை மேல பனித்தண்ணி நிக்கும். அது காயாம மருந்தடிக்க முடியாது, தட்டு அறுத்துப் போட முடியாது. வெயில் ஏற எட்டு மணியாவது ஆகோணும். சொசைட்டியில பாலை ஊத்திட்டா அப்புறம் நேரா டீக்கடைதான்.

எங்க ஊரு கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் பாசனம். வாய்க்கால் பாலத்து மேட்டுல ஒரு புளியமரம், எறக்கத்துல டீக்கடை. கடைக்கு முன்னாடி ஒரு கல்லுத் திண்ணை. அந்தத் திண்ணையில உக்காந்து பேசறது சைக்கிள்ல வர்ற ஆளுக மட்டும்தான். யாரும் சட்டம் போடலை, அப்படி அமைஞ்சு போச்சு. எக்ஸெல்லுல வர்றவன் வண்டியை ஆஃப் பண்ணாமயே டீயைக் குடிச்சுட்டுப் போயிருவான்.

என்னுது ஹெர்குலிஸ். 1989ல, பன்னண்டாவது முடிச்சுட்டு நான் காட்டு வேலைக்கு வந்தப்ப, மஞ்சள் வித்த காசுல எங்கய்யன் வாங்கிக் குடுத்தது. சென்னை அம்பத்தூர்ல 1949ல ஆரம்பிச்ச டி.ஐ. கம்பெனியோட வண்டி. "நம்ம தமிழ்நாட்டுக் கம்பெனி"ன்னு நான் ஆரம்பிச்சா, அட்லஸ் வச்சிருக்கற அண்ணன் விடமாட்டாரு. அட்லஸ், ஹரியானாவுல சோனிப்பட்டுங்கற ஊருல 1951ல தொடங்கினது. கடைசியா ஓடிட்டிருந்த சாகிபாபாத் பேக்டரியை 2020 ஜூன் 3ந் தேதி நிறுத்திட்டாங்க. அன்னைக்குத்தான் உலக சைக்கிள் தினம், பாருங்க கொடுமையை. இதைப் பேப்பர்ல படிச்சுட்டு வந்து சொன்னதே நான்தான். அன்னையிலிருந்து அண்ணன் வண்டியை நெழல் பாத்துத்தான் நிறுத்தறாரு. "இனி இது கெடைக்குமா?"ங்கறாரு. "எங்கூட்டு ஆட்டுக்கல்லு கூடத்தான் இனி கெடைக்காது, அதையுங் கொண்டாந்து நிறுத்தட்டுமா?"ன்னு பால்கார மாமா ஒரு போடு போட்டாரு.

மாமாவோட வண்டி ராலி. அவங்கய்யன் காலத்துது. முன்னாடி பேட்ஜுல ஒரு நாரைத் தலை, பெடல் பல்சக்கரத்துலயும் நாரைத் தலையாவே வெட்டியிருக்கும். இது இங்கிலாந்து நாட்டிங்காம்ல செஞ்சதா, மேற்கு வங்காளம் ஆசன்சோல்ல சென்-ராலி கம்பெனியில செஞ்சதாங்கறது எங்க திண்ணையில தீராத வழக்கு. பேட்ஜுல எழுத்து தேஞ்சு போச்சு. அதனால மாமா சீமை வண்டின்னே சாதிக்கறாரு. பஞ்சாயத்துல சைக்கிளுக்கு வரி கட்டின காலத்து வில்லை ஒன்னு இன்னும் ஹேண்டில்பார்ல தொங்குது. இளவட்டங்களுக்குத் தெரியாது. அப்ப சைக்கிளுக்கும் லைசென்ஸ் உண்டு. வெளக்கில்லாம போனாலும் போலீஸ் புடிக்கும், டபுள்ஸ் போனாலும் புடிக்கும்.

எங்க சித்தப்பா ஓட்டறது பேத்திக்குப் பதினொன்னாவதுல கவர்மெண்ட்டு குடுத்த சைக்கிள். பேத்தி இப்ப பஸ்ஸுல காலேஜுக்குப் போகுது. முன்னாடி கூடை, நடுவுல பார் கெடையாது. மொத நாள் எல்லாரும் சிரிச்சோம். "சிரிங்கடா, சிரிங்க. அறுவது தாண்டினதுக்கப்புறம் பாருக்கு மேல காலைத் தூக்கிப் போட்டுப் பாருங்க"ன்னாரு. சொல்லிட்டுக் கூடையிலிருந்து வெத்தலைப் பையை எடுத்துத் தொடையில வச்சுக்கிட்டாரு.

பனிக்காலத்துக்குன்னே சில பேச்சு இருக்குதுங்க. பொழுதோட காத்தடிச்சு வச்ச டயரு, விடியால பாத்தா கொஞ்சம் தொய்ஞ்சு நிக்கும். பஞ்சர்னு பதற வேண்டியதில்ல. குளிருல உள்ள இருக்கற காத்து சுருங்கும், வெயில் ஏறினா சரியாயிரும். டைனமோக்காரங்க பாடுதான் திண்டாட்டம். டயர் பனியில நனைஞ்சா டைனமோ உருளை வழுக்கும், வெளக்கு மின்மினிப்பூச்சியாட்டம் மினுக்கும். ரிம் நனைஞ்சா பிரேக் கட்டையும் சரியாப் புடிக்காது. கரும்பு டிராக்டருக பின்னாடி ஒரு செவப்பு லைட்டுகூட இல்லாம போற ரோட்டுல இது வெளையாட்டில்ல. அதனால யாரு வண்டியில எத்தனை ரிப்ளெக்டர் இருக்குதுங்கறதும் பெருமைக் கணக்குல சேர்த்தி.

செயினுக்குத் தேங்காயெண்ணெய் விடற ஆளு ஒருத்தரு இருக்காரு. தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழ போனா உறையும். மார்கழி விடியால எங்கூருல இருவதுக்கும் கீழ போயிரும். செயின் பூரா வெண்ணெய் அப்பினாப்புல வெள்ளையா நிக்கும். தையல் மெசின் எண்ணெய் விடுங்கன்னு பத்து வருசமா சொல்றோம். "தலைக்கு ஆவற எண்ணெய் சங்கிலிக்கு ஆவாதா?"ங்கறாரு.

ஞாயித்துக்கெழமையானா ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்து கொடிவேரி அணைக்குப் போற கியர் சைக்கிள் கூட்டம் எங்க கடையில நிக்கும். ஹெல்மெட்டு, கருப்புக் கண்ணாடி, ஒடம்போட ஒட்டின சட்டை. மொத தடவை பாத்தப்ப டீக்கடை நாய் கொலைச்சுக்கிட்டே பின்னாடி ஓடுச்சு, இப்ப பழகிருச்சு. வேற மாதிரி ஆளுகன்னு நானும் நெனைச்சேன். இல்லீங்க. எறங்கினதும், டீ சொல்றதுக்கு முன்னாடியே, அவங்களும் வண்டிப் பேச்சுதான். உன்னுது கார்பனா, அலுமினியமா, எத்தனை கிலோன்னு. ஒரு தம்பி நூத்தம்பது கிராம் கொறையும்னு புது சீட்டு மாத்தியிருந்தாரு. பதினஞ்சாயிரமாம். சித்தப்பா அந்தத் தம்பியோட வயித்தை ஒரு பார்வை பாத்துட்டு, "ஏங்கண்ணு, அதை இங்கயே கொறைச்சிருந்தா இனாமாப் போயிருக்குமே"ன்னாரு. அந்தத் தம்பியே சத்தமா சிரிச்சுட்டாரு. நல்ல புள்ளைங்க.

அன்னைக்குத் தூக்கிப் பாருங்கய்யான்னு வண்டியைக் குடுத்தாங்க. எட்டுக் கிலோவாம். முருங்கைக்காய்க் கட்டாட்டம் ஒத்தைக் கையில வந்துருச்சு. மாமா எந்திரிச்சு, "இதைத் தூக்குங்க தம்பி"ன்னு ராலியைக் காமிச்சாரு. இருவது கிலோவுக்கு மேல. அதுல ரெண்டு பக்கமும் இருவது இருவது லிட்டர் பால் கேனைக் கட்டி, நாப்பது வருசம், வெயில் மழை பாக்காம கோபி ஓட்டல்களுக்கு ஊத்தினவரு. வெவரம் கேட்டதும் தம்பிக பேசலை. எட்டுக் கிலோ வண்டியைப் பத்தின பேச்சு அதோட நின்னு போச்சு.

அந்தக் கூட்டத்துல ஒருத்தருதான் ரெண்டு வாரம் முன்னாடி அந்த ராலியை வெலைக்குக் கேட்டாரு. அவரு சிநேகிதரு திருப்பூர்ல ஓட்டல் வைக்கறாராம். செவுத்துல மாட்டினா அழகா இருக்கும், பன்னண்டாயிரம் குடுக்கறோம்னாரு. திண்ணையில ஒருத்தரும் வாயைத் தெறக்கலை. பன்னண்டாயிரம் சின்னக் காசில்லீங்க. ஐப்பசியோட மாமா பால் ஓட்டறதை நிறுத்திட்டாரு, முழங்கால் மடங்க மாட்டேங்குது. மகன் எக்ஸெல் வாங்கி அதுல கேனைக் கட்டிட்டுப் போறான், மாசாமாசம் தவணை கட்டறான்.

மாமா கேட்டாரு, "செவுத்துல மாட்டினா டயருக்குக் காத்து அடிப்பீங்களா தம்பி?"

"டியூபே தேவைப்படாதுங்கய்யா."

"அப்ப வேண்டாங்க."

வெறும் வீம்புன்னு மகன் சொல்றான். எனக்கு அப்படித் தோணலை. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி எங்க டெய்லர் அண்ணனுக்குக் கண்ணு மங்கிச்சு. பையன் சைக்கிளைக் காயலான் கடைக்குப் போட்டுட்டான், நல்லதுக்குத்தான். டெய்லர் வீடு கடையிலிருந்து நானூறு தப்படி கூட இருக்காது. நடந்தே வரலாம். வர்றதில்ல. கூப்பிட்டா "வந்து என்னத்தைப் பேச?"ங்கறாரு.

ராலிக்காரரு வர்றாரு. எப்படி வர்றாருங்கறதை இங்க மட்டும் சொல்றேன், அவரு இதைப் படிக்க மாட்டாரு. பெடல் மிதிச்சு வந்தா பின்சக்கரத்துல சத்தம் வராது. தள்ளிட்டு வந்தாத்தான் ப்ரீவீல் டிக் டிக்னு கேக்கும். இந்த வருசம் பனிக்குள்ள ஆளு கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே அந்தச் சத்தம் கேக்குது, மெதுவா, ஒரே சீரா. ஒன்னரைக் கிலோமீட்டரும் தள்ளிட்டேதான் வர்றாரு. புளியமரத்துக்கிட்ட சத்தம் நிக்கும். அங்க மைல்கல்லு மேல ஒரு காலை ஊனி வண்டியில ஏறுவாரு. அதுக்கப்புறம் எறக்கம்தான், மிதிக்கவே வேண்டியதில்ல. மணியடிச்சுட்டு வந்து எறங்குவாரு. "நல்லா உருளுதப்பா, சீமை வண்டியில்ல!"ம்பாரு. நாங்களும் ஆமாங்க மாமாம்போம். புளியமரத்துக்கிட்ட சத்தம் நின்னதுமே கடைக்காரரு மாமாவோட டீயைப் போட ஆரம்பிச்சிருவாரு.

போன வாரம் சித்தப்பா ஒரு வேலை பண்ணினாரு. "மச்சான், என் வண்டியில செயின் ஒரு மாதிரி சத்தம் போடுது. ஒரு சுத்து ஓட்டிப் பாத்துச் சொல்லுங்க"ன்னாரு. அந்தச் செயின்ல ஒரு கோளாறும் இல்ல. மாமா கூடைச் சைக்கிளை மேலயும் கீழயும் பாத்தாரு. பார் இல்லாததால காலு சுளுவா உள்ள போயிருச்சு. சீட்டும் தாழ்வு, முழங்காலை ரொம்ப மடக்காம முன்பாதத்துல மெல்ல மிதிச்சே புளியமரம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தாரு. நாங்க எல்லாரும் பேப்பர் படிச்சுட்டிருந்தோம்.

"செயின் நல்லாத்தான் இருக்குது. கூடைதான் கடகடங்குது, ரெண்டு நட்டு மாத்து"ன்னுட்டுத் தன்னோட ராலிக்குப் பக்கத்துலயே போயி உக்காந்துட்டாரு.

"நாளைக்கு வாங்கியாறேன் மச்சான். போட்டதும் இன்னொருக்கா ஓட்டிப் பாருங்க"ன்னாரு சித்தப்பா.

அதுக்கப்புறம் மூணு நாள் மாமா ஓட்டிப் பாத்துட்டாரு. சித்தப்பா இன்னும் நட்டு வாங்கலை.