முறையீடும் மன்றாட்டும்

பரிந்துரைக் கடிதம் எழுதுவது பங்குத்தந்தையின் எழுதாக் கடமைகளுள் ஒன்று. கல்லூரியில் இடம் வேண்டியும், விடுதி வேண்டியும், கட்டணச் சலுகை வேண்டியும் வரும் பெற்றோருக்கு இருபத்தைந்து ஆண்டுகளாக நாமும் எழுதிக் கொடுத்து வருகிறோம். 'நல்ல குடும்பத்தைச் சேர்ந்தவர். ஞாயிறு திருப்பலிக்குத் தவறாது வருபவர்' என்னும் சொற்கள் நம் கைக்கே மனப்பாடம். அத்தகைய கடிதம் ஒன்று பயனின்றித் திரும்பியபோதுதான், மன்றாடுவது வேறு, முறையிடுவது வேறு என்பதைக் கற்றோம்.

2018 முதல் 2024 வரை அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் வாக்கின் பள்ளத்தாக்கிலுள்ள பங்கொன்றில் பணியாற்றினோம். பாதாமும் திராட்சையும் செழிக்கும் பூமி அது. நம் பங்கு மக்களுள் பலர் மெக்சிகோவிலிருந்து வந்து, தோட்டங்களிலும் பழங்களைப் பெட்டியில் அடுக்கும் கொட்டகைகளிலும் உழைப்பவர்கள்.

அம்மாநிலத்தில் 1960ஆம் ஆண்டு உயர்கல்விக்கென ஒரு பெருந்திட்டம் வகுத்தனர். பள்ளி முடித்தோருள் முதல் எட்டில் ஒரு பங்கினருக்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகம். முதல் மூன்றில் ஒரு பங்கினருக்கு மாநிலக் கல்லூரிகள். கற்க விரும்பும் ஏனையோருக்குச் சமுதாயக் கல்லூரிகள். நம் நாட்டில் அப்பெயரால் நடைபெறும் தொழிற்பயிற்சிக் கூடங்களினின்று இவை வேறுபட்டவை. இங்கு 60 பருவ அலகுகளை உரிய பாடங்களில் நன்முறையில் முடித்தவர், பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் மாறுதல் சேர்க்கைக்கு விண்ணப்பிக்கலாம். வசதியற்ற பிள்ளைகளுக்கு அது கொல்லைப்புற வழியன்று. திட்டமிட்டே அமைத்த தலைவாசல்.

அவ்வாசலில் நின்றவன்தான் நம் பங்கின் பாடற்குழு இளைஞன் ஒருவன். பொறியியல் பயில விரும்பிப் பல்கலைக்கழக வளாகங்கள் சிலவற்றிற்கு விண்ணப்பித்திருந்தான். 2023 ஏப்ரலில், அவன் மிக விரும்பிய வளாகம் இடமில்லை என்று அறிவித்தது. மறுநாள் மாலை தாயையும் தாய்மாமனையும் அழைத்துக்கொண்டு நம் இல்லத்திற்கு வந்தான். "பாத்ரே, மேல்முறையீடு செய்யலாமாம். நீங்கள் ஒரு கடிதம் தர வேண்டும்" என்றான். அன்றிரவே இரண்டு பக்கங்கள் எழுதினோம். அவன் குரல்வளம், பணிவு, தாயின் கண்ணீர் எல்லாம் அதில் இருந்தன.

அவன் அதைத் தன் கல்லூரியின் ஆலோசகர் அம்மையாரிடம் கொண்டு சென்றான். அவர் நம்மைத் தொலைபேசியில் அழைத்தார். "தந்தையே, கடிதம் அழகாக உள்ளது. ஆனால் அந்த வளாகம் பரிந்துரை கேட்கவில்லை. முதன்முறை விண்ணப்பத்தைப் படித்தவர் அறியாத, முடிவையே மாற்றத்தக்க புதிய செய்தி உண்டா என்று மட்டுமே கேட்கிறது. அப்படி ஏதேனும் உண்டா?" என்றார். நம்மிடம் விடை இல்லை. பையனின் நற்குணத்தை அறிந்திருந்த நாம், அவனுடைய மதிப்பெண் பட்டியலை ஒரு முறையேனும் பார்த்ததில்லை.

பார்த்தபோது விளங்கியது. 2022 வசந்த பருவத்தில் உயர்கணிதத்திற்கும் இயற்பியலுக்கும் நேரே 'டபிள்யூ' என்ற எழுத்து. இடையில் விலகினான் என்பது அதன் பொருள். அவ்விரு பாடங்களையும் இலையுதிர் பருவத்தில் மீண்டும் எடுத்து, இரண்டிலும் உயர்ந்த மதிப்பெண் பெற்றிருந்தான். ஆனால் விண்ணப்பம் செல்வது நவம்பரில். இலையுதிர் பருவ மதிப்பெண்களைச் சனவரித் திங்களில் தனியே பதிவு செய்ய வேண்டும். அதை அவன் செய்யவில்லை. அவன் விலகியதை அறிந்த பல்கலைக்கழகம், அவன் வென்றதை அறியவில்லை.

ஏன் விலகினான்? அவ்வசந்தத்தில் தந்தை பக்கவாதத்தால் வீழ்ந்தார். தாய் கொட்டகை வேலைக்குச் செல்ல, பகலெல்லாம் தந்தையைப் பேணியவன் இவன். சனவரியில் அவர் மீண்டும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பதிவு செய்ய வேண்டிய நாள் அவன் நினைவிலிருந்தே நழுவிற்று. "இதை ஏன் விண்ணப்பத்தில் எழுதவில்லை?" என்றோம். "அப்பாவின் நோயை விற்று இடம் வாங்க வேண்டுமா?" என்று கேட்டான்.

அப்போது தாய்மாமன் ஒரு வழி கூறினார். "பதிவு செய்யும்படி வந்த மின்னஞ்சல் கிடைக்கவேயில்லை என்று எழுது. யார் சரிபார்க்கப் போகிறார்கள்?" அனைவரும் நம்மை நோக்கினர். வேண்டாம் என்று நாம் உடனே கூறியிருக்க வேண்டும். கூறவில்லை. அக்குடும்பத்தின் துயரம் கண்ணெதிரே நின்றமையால், ஒரு சிறு பொய் அவ்வளவு பெரிதாகத் தோன்றவில்லை. அந்த மௌனத்தை இன்றும் நம் மனச்சான்று மறக்கவில்லை. பேசியவன் இளைஞன்தான். "மின்னஞ்சல் வந்தது, மாமா. நான்தான் திறக்கவில்லை."

குருமடத்தில் திருச்சபைச் சட்டம் பயின்றபோது, தீர்ப்பு அறிவிக்கப்பட்ட 15 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும் என்று உருப்போட்டோம். முறையீட்டின் உயிர் எது என்று அன்று கேட்கவில்லை. மன்றாட்டு இரக்கத்தை நோக்கிச் செல்கிறது. முறையீடு, தன் பெயரே காட்டுமாறு, முறையை நோக்கிச் செல்கிறது. பாண்டியன் அவையில் கண்ணகியின் வழக்கை வென்றது கண்ணீர் அன்று. உடைந்த சிலம்பிலிருந்து தெறித்த மாணிக்கம். அரசியின் சிலம்பில் இருந்தது முத்து. அவ்வேற்றுமையைத் தீர்ப்பளித்தவன் அதுவரை அறியவில்லை. பெஸ்துவின் முன் நின்ற பவுலடியாரும் கெஞ்சவில்லை. உரோமைக் குடிமகனுக்குரிய உரிமையைப் பற்றி நின்று சீசரிடம் முறையிட்டார்.

நம் இரண்டு பக்கங்களை ஒதுக்கிவிட்டு, அவனே ஒரு பக்கம் எழுதினான். தந்தையின் நோய் இரண்டு வரிகளில், மருத்துவச் சான்றோடு. பதிவு செய்யத் தவறியது தன் பிழை என்று ஒரு வரி. இலையுதிர் பருவ மதிப்பெண்கள், பட்டியலோடு. பல்கலைக்கழகம் அநீதி இழைத்தது என்றோ, இன்னார் மகனுக்கு இடம் கிடைத்ததே என்றோ ஒரு சொல்லும் இல்லை. முறையீட்டில் வெல்வோர் சிலரே என்று எச்சரித்த அம்மையார், இடமளித்திருந்த வேறொரு வளாகத்தில் சூன் முதல் நாளுக்குள் சேர்க்கையை உறுதிசெய்து வைக்குமாறும் கூறினார். அவ்வாறே செய்தான்.

அனுப்புமுன் அக்கடிதத்தைத் தந்தைக்கு இஸ்பானிய மொழியில் படித்துக் காட்டினான். நாமும் உடனிருந்தோம். தம்மைப் பேணவே மகன் பாடங்களைக் கைவிட்டான் என்பதை அவர் அன்றுதான் அறிந்தார். அதுவரை அவன் மறைத்திருந்தான். பேச்சு குழறிய அம்மனிதர், நலமாயிருந்த இடக்கையால் மகன் தலையைத் தொட்டு நெடுநேரம் வைத்திருந்தார்.

சூன் இறுதியில் விடை வந்தது. முடிவில் மாற்றமில்லை. அவன் ஒரு நாள் வாடினான். பின்னர் இரண்டாவதாகக் கிடைத்த வளாகத்திற்குச் சென்றான். 2025இல் பட்டம் பெற்ற செய்தியை நமக்கு எழுதினான். உண்மை எப்போதும் வழக்கை வென்று தரும் என்று நாம் போதிக்க மாட்டோம். ஆனால் அந்த ஒரு பக்கத்தில் பொய் இருந்திருப்பின், தந்தையின் முன் அதை அவன் படித்திருக்க முடியாது.

தாய்மண்ணுக்குத் திரும்பிய பின்னும் கடிதம் கேட்டுப் பெற்றோர் வருகின்றனர். நாம் மறுப்பதில்லை. ஆனால் எழுதுகோலை எடுக்குமுன் பிள்ளையை அருகில் அமர்த்தி ஒன்று கேட்கிறோம்: "உன்னை மறுத்தவர்கள் உன்னைப் பற்றி அறியாதது எது?" சிலர் விழிக்கின்றனர். சிலர், பெற்றோரே அறியாத ஒன்றை மெல்லச் சொல்லத் தொடங்குகின்றனர். அப்போது எழுதுகோலை நாம் அவர்களிடமே கொடுத்துவிடுகிறோம்.