வேற்றுமை முறையும் ஒரு பழைய லாண்ட்மாஸ்டரும்

உயர்தரத்தில் கலைப்பிரிவு எடுத்தவர்களிடம் அளவையியலைப் பற்றிக் கேட்டால் அநேகமாக ஒரே பதில்தான் வரும்: "புள்ளி எடுக்கச் சுகமான பாடம்." அளவையியலும் விஞ்ஞானமுறையும் என்பது அதன் முழுப்பெயர். அதில் ஜே.எஸ். மில்லின் முறைகள் என்று ஒரு பகுதி உண்டு. ஒற்றுமை முறை, வேற்றுமை முறை, எச்ச முறை என்று பாடமாக்கி எழுதிப்போட்டு, சோதனை முடிய எல்லாரும் மறந்துவிடுவோம். 1843 இல் மில் புத்தகமாக்கிய அந்த முறைகள் கிளிநொச்சியில் ஒரு பழைய உழவு மெசினின் பெல்ட்டுக்கும் கிளச்சுக்கும் பொருந்துமென்று எங்களுக்கு ஒருத்தரும் சொல்லித்தரேல்லை.

எங்களுக்கு என்றால் அக்கா, தங்கச்சி இரண்டு பேருக்கும். ஒராள் கலைப்பீடத்தில் படிக்கிறா, மற்றவ அதே கலைப்பிரிவில் உயர்தரம். வீட்டில் இருப்பது இரண்டு சில்லு உழவு மெசின். பிரித்தானியக் கொம்பனி ஒன்றின் பெயர்தான் லாண்ட்மாஸ்டர். ஆனால் எங்கட பக்கத்தில் எந்த நாட்டில் செய்த இரண்டு சில்லு மெசினுக்கும் அதுதான் பெயர். எங்கடது ஜப்பான். எங்கள் இரண்டு பேரையும் விட வயது கூடினது. எஞ்சினில் அடித்த தகட்டில் எழுத்தெல்லாம் தேய்ந்துபோச்சு.

2022 இல் டீசலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் அது மாதக்கணக்காகக் கொட்டிலில் கிடந்தது. பிறகு ஓடியது, ஆனால் பழைய மாதிரி இல்லை. போன காலபோகத்துக்கு முதல் நிலைமை மோசமாகிவிட்டது. கலப்பை மண்ணுக்குள் இறங்கினதும் எஞ்சின் முழுச் சத்தத்தோட கத்தும், சில்லு மட்டும் நிற்கும். ரப்பர் எரிகிற மணமும் வரும். பார்க்க வந்த மெக்கானிக் அண்ணை ஒருவர் ஐந்து நிமிசத்தில் சொல்லிப்போட்டார்: "கிளச் முடிஞ்சுது. பிளேட் முழுக்க மாத்த வேணும்." அவர் சொன்ன காசு எங்களிட்டை இல்லை. இரும்பு விலைக்கு வாங்குகிற ஒராள் அதே கிழமை வந்து மெசினைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். "வித்துப்போட்டு பெரியவளின்ர போடிங் காசைக் கட்டுவம்" என்றா அம்மா. புழுதி விதைப்பென்றால் மழைக்கு முதல் நிலம் உழுதிருக்க வேண்டும். எங்கட மூன்று ஏக்கரோட, அயலவைக்குக் கூலிக்கு உழுவதிலும்தான் வீட்டுச் செலவு போகிறது. மெசின் போனால் அந்த வரும்படியும் போகும்.

அப்பா அதிகம் கதைக்கிற ஆள் இல்லை. "கிளச் எண்டா சத்தம் இப்பிடி இராது" என்று மட்டும் சொன்னார். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியேல்லை. நாங்கள் ஒரு கொப்பியை எடுத்தோம்.

முதலில் விளங்க வேண்டியது வலு எந்த வழியால் போகிறது என்பது. எஞ்சினின் பக்கத்தில் ஒரு புல்லி. அதிலிருந்து இரண்டு பெல்ட் கீழே கியர்ப்பெட்டிப் பக்கம் இருக்கிற பெரிய புல்லிக்குப் போகும். கிளச் பிளேட்டுகள் இருப்பது அந்தப் பெரிய புல்லிக்குள்ளே. கிளச் லீவரை எடுத்தாலும் போட்டாலும் எஞ்சின் ஓடும்போது பெரிய புல்லி சுற்றிக்கொண்டே இருக்கும். லீவரைப் போட்டால் பிளேட்டுகள் இறுகி, அந்தச் சுற்று கியருக்குள் போகும். ஆகவே சில்லு நிற்கிறதென்றால் சறுக்கக்கூடிய இடம் இரண்டு: பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவில், அல்லது புல்லிக்குள்ளே பிளேட்டுக்கும் பிளேட்டுக்கும் நடுவில். வெளியில் நின்று பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே வருத்தம்தான்.

பிரித்தறிய ஒரு சோக்கட்டி போதும். எஞ்சினை நிற்பாட்டி, இரண்டு புல்லியிலும் ஒவ்வொரு வெள்ளைக் கோடு போட்டோம். பெல்ட் மூடியைக் கழற்றி வைத்தோம். அப்பா கைபிடியைப் பிடித்து, முதலாம் கியரில் மெசினை வயல் வரம்போடு முட்டவிட்டார். ஒராள் இரண்டு பாகம் தள்ளி நின்று புல்லியைப் பார்க்க, மற்றாள் எழுதினா. (செய்து பார்க்கிற ஆக்கள் தலைமயிரைக் கட்டுங்கோ, சோலைக் கழற்றி வையுங்கோ. எஞ்சின் ஓடும்போது கிட்டப் போகக்கூடாது.) வேகமாகச் சுற்றும் புல்லியில் அந்தக் கோடு வெள்ளை வளையமாகத் தெரியும். மேல் புல்லியில் வளையம் அப்பிடியே இருந்தது. கீழ்ப் புல்லியில் வளையம் உடைந்து, கோடு கோடாகத் தெரிந்து, பிறகு நின்றே விட்டது. கிளச்தான் சறுக்கியதென்றால் கீழ்ப் புல்லியும் முழு வேகத்தில் சுற்றியிருக்க வேண்டும். அப்போ சறுக்கியது பெல்ட். அப்பாவின் காது சொன்னது சரி.

இதற்குப் பிறகுதான் மில் உதவினார். வேற்றுமை முறை சொல்வது சின்ன விசயம்: இரண்டு சந்தர்ப்பங்களில் ஒன்றே ஒன்று மட்டும் வேறாகவும் மற்றதெல்லாம் ஒன்றாகவும் இருந்து, விளைவு ஒன்றில் வந்து மற்றதில் வராமல் போனால், அந்த ஒன்றுதான் காரணம் அல்லது காரணத்தின் பகுதி. ஒரே நாளில் பெல்ட்டும் மாற்றி, கிளச்சும் மாற்றி, எண்ணெயும் மாற்றினால் மெசின் ஓடும். ஆனால் எது பழுது என்று ஒருநாளும் தெரியாது. காசு மூன்று மடங்கு போயிருக்கும்.

ஆகவே ஒவ்வொன்றாக. எஞ்சினை நிற்பாட்டி பெல்ட்டின் நடுவில் பெருவிரலால் அமத்தினால் ஒரு சென்ரிமீற்றர், கூடினால் ஒன்றரை இறங்கலாம். எங்கடது மூன்று விரல் அளவு இறங்கியது. எஞ்சின் நிற்கிற நட்டுகளை இளக்கி, அதைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளி இறுக்கினோம். இரண்டு புல்லியும் நேர்கோட்டில் நிற்கிறதோ என்று நூல் பிடித்துப் பார்த்தோம், கோணலாக நின்றால் புது பெல்ட்டையும் ஒரு பக்கத்தால் தின்றுவிடும். வேறொன்றும் தொடவில்லை. அதே வரம்பு, அதே கியர். பத்து நிமிசம் பிடித்தது, பெல்ட் சூடாகப் பழையபடி சறுக்கியது.

பெல்ட்டைக் கழற்றிப் பார்த்தால் காரணம் தெரிந்தது. இந்த பெல்ட் அடிப்பக்கத்தால் பிடிப்பதில்லை. ஆப்பு மாதிரி இரண்டு பக்கத்தாலும் புல்லியின் பள்ளத்தில் இறுகித்தான் பிடிக்கும். பி ரக பெல்ட் புதிதில் மேலே 17 மில்லிமீற்றர் அகலம் இருக்கும். எங்கடதின் பக்கங்கள் தேய்ந்து கண்ணாடி மாதிரி மினுங்கின. அது பள்ளத்தின் அடியில் போய் இருந்தது. அடியில் இருந்த பிறகு எவ்வளவு இறுக்கினாலும் பிரயோசனமில்லை. இரண்டையும் சோடியாக மாற்றினோம். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது நீண்டிருப்பதால் புதியதுதான் முழுப் பாரத்தையும் இழுக்கும். திரும்ப அதே வரம்பு. இந்த முறை கீழே வளையம் உடையவில்லை, சில்லு மண்ணைக் கிண்டியது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. இறுகின நிலத்தில் உழும்போது இடைக்கிடை இன்னும் ஒரு தளர்வு இருந்தது. இப்போ இரண்டு புல்லியிலும் வளையம் முழுசாக இருந்தும் சில்லு தயங்கியது. எச்ச முறை இதுதான்: தெரிந்த காரணத்துக்குரியதைக் கழித்துவிட்டு மிச்சத்துக்கு மிச்சக் காரணத்தைத் தேடு. மிச்சம் கிளச். பிளேட்டைக் கழற்ற முதல் லீவரைப் பார்த்தோம். லீவரை முழுக்கப் போட்ட பிறகும் கம்பி கொஞ்சம் இழுபட்டபடியே இருந்தது, கையால் ஆட்டிப் பார்த்தால் ஆட்டமே இல்லை. பஸ் ட்ரைவர் கிளச்சில் காலை வைத்தபடி ஓட்டுகிற மாதிரி. கம்பியின் நட்டை இரண்டு சுற்று இளக்கினோம். தளர்வு போய்விட்டது.

ஆகச் செலவு இரண்டு பெல்ட். பிளேட்டும் ஒருநாள் தேயும், அப்போ மாற்றத்தான் வேண்டும். அந்த மெக்கானிக் அண்ணை ஏமாற்றினார் என்று நாங்கள் சொல்லவில்லை. விதைப்புக் காலத்தில் பத்து மெசின் காத்திருக்க, சோக்கட்டியால் கோடு போட அவருக்கு நேரம் எங்கே? காத்திருந்து பார்க்கிற நேரம் எங்களிட்டை இருந்தது.

ஊரில் அடிக்கடி கேட்கிறது: "ஆர்ட்ஸ் படிச்சு என்ன செய்யப் போறியள்?" பொம்பிளைப் பிள்ளையள் ஸ்பனரோட நின்றால் அதற்கும் ஒரு பகிடி வரும். எங்கட பதில் பெரிசாக ஒன்றுமில்லை. அப்பாவுக்குத் தெரிந்தது காதில் இருந்தது, அதைப் பத்துப் பேர் முன்னால் நிறுவ அவரிட்டை சொல் இருக்கேல்லை. எங்களிட்டை சொல் இருந்தது, காது இல்லை. இரண்டும் ஒரு வரம்படியில் சந்தித்ததால் மெசின் விற்கப்படவில்லை. மழைக்கு நாலு நாள் முன்னம் மூன்று ஏக்கரும் விதைத்தாச்சு.

அந்தக் கொப்பி இப்போ கொட்டிலில் தொங்குகிறது. கடைசிப் பக்கத்தில் அப்பா தன் கையெழுத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: "இடப்பக்கம் திருப்பேக்க ஒரு சத்தம் கேக்குது."