பின்னாடி யாரு, சார்?

"கேரவன் வாங்கியிருக்கேன்ப்பா" என்று மெல்போர்னிலிருந்து போனில் சொன்னதும், திருநெல்வேலியில் அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எந்த நடிகைக்குலே?" என்றார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நம்ம ஊரில் கேரவன் என்றால் ஷூட்டிங்கில் ஏ.ஸி. போட்டு நிற்கிற வண்டிதான். ஆஸ்திரேலியாவில் அது மாசச் சம்பளக்காரன் சமாசாரம். கட்டில், அடுப்பு, குட்டி பிரிட்ஜ் எல்லாம் அடங்கின, சக்கரம் வைத்த பெட்டி ஒன்று. அதைக் காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு ஊர் சுற்றவேண்டியது. ராத்திரி கேரவன் பார்க்கில் நிறுத்தித் தூங்கவேண்டியது. ஓட்டல் செலவு மிச்சம் என்று சொல்லித்தான் மனைவியிடம் சம்மதம் வாங்கினேன். (கேரவன் விலைக்கு எத்தனை வருஷம் ஓட்டலில் தங்கலாம் என்று அவள் இன்னும் கணக்குப் போடவில்லை. நீங்களும் கிளப்பிவிடாதீர்கள்!)

முன்னால் போவதில் ஒரு கஷ்டமுமில்லை. ரிவர்ஸ் எடுக்கும்போதுதான் குலதெய்வம் ஞாபகத்துக்கு வரும். ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தால் கேரவன் இடது பக்கம் போகும். இடது பக்கம் ஒடித்தால் வலது பக்கம். 18 அடி நீளம், கிட்டத்தட்ட இரண்டரை மீட்டர் அகலம். நடுக் கண்ணாடியில் தெரிவது கேரவனின் முன்பக்கச் சுவர். பக்கக் கண்ணாடிகளில் அதன் இரண்டு விலா. நேர் பின்னால் யானை நின்றாலும் தெரியாது.

யானை நின்றால்கூடப் பரவாயில்லை, தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். கேரவன் பார்க்கில் நிற்பதெல்லாம் குழந்தைகள், சார்! விடிந்ததிலிருந்து இருட்டுகிற வரை குட்டி சைக்கிளில் சுற்றிக்கொண்டே இருக்கும். எங்கள் வீட்டிலேயே நாலு வயதில் ஒருத்தன்.

ஆரம்பத்தில் மனைவிதான் பின்னால் நின்று வழி சொன்னாள். அவள் "வாங்க" என்று கை ஆட்டுவதும் "வேணாம்" என்று கை ஆட்டுவதும் கண்ணாடியில் ஒரே மாதிரி தெரிந்தன. அப்பாவிடம் யோசனை கேட்டேன். அரசு பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டராக இருந்தவர்.

"அவ நிக்கிற எடத்துல இருந்து உன் கார்க் கண்ணாடியப் பாக்கச் சொல்லு. அதுல உன் மூஞ்சி தெரியணும். தெரியலன்னா உனக்கும் அவளத் தெரியல. கத்திப் பிரயோஜனமில்ல" என்றார். "நான் ஒரு நாளும் பின்னாடி போய்ப் பாக்காம ரிவர்ஸுக்குக் குரல் குடுத்ததில்லலே. பஸ் ஸ்டாண்டுல நிழலுக்குச் சக்கரத்தை ஒட்டிப் படுத்துக் கெடப்பான்!"

அவர் சொன்னது மனசிலேயே நின்றது. 2002-ல் அமெரிக்காவின் நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில், ஓர் அப்பா தன் வீட்டு வாசலில் காரை ரிவர்ஸ் எடுத்தார். அவர் குழந்தைகள் டாக்டர். பின்னால் வந்து நின்ற அவருடைய இரண்டு வயது மகன் காரிலேயே அடிபட்டு இறந்துபோனான். கேமரன் என்ற அந்தக் குழந்தையின் பெயரிலேயே 2008-ல் சட்டம் வந்தது. அதன் விளைவாக 2018 மே முதல் அங்கே தயாராகும் புதுக் கார்கள் அத்தனைக்கும் பின்பக்கக் கேமரா கட்டாயம். இதைப் படித்த ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

கேமரா மாட்டுவது என்று முடிவாயிற்று. கடையில் மாட்டுவதற்குக் கேட்ட கூலி, கேமரா விலையைவிட அதிகம். 'நாமே மாட்டினால் என்ன?' என்று மனசுக்குள் இருந்த எலக்ட்ரீஷியன் எழுந்து உட்கார்ந்தான்.

ஒயர் இல்லாத கேமராவும் கிடைக்கிறது. மாட்டுவது சுலபம். ஆனால் சிக்னல் தடுமாறினால் படம் உறையும், அல்லது தாமதமாக வரும். நடக்கிற வேகத்தில், மணிக்கு 4 கிலோமீட்டரில் பின்னால் போனால்கூட, ஒரு விநாடிக்கு 1 மீட்டருக்கு மேல் வண்டி நகர்ந்துவிடும். அரை விநாடி பழைய படத்தை நம்பினால் அரை மீட்டர் போச்சு! ஆகவே ஒயர் கேமராதான்.

இந்த ஊரில் வீட்டில் ஒரு பிளக் பாயின்ட் மாற்றக்கூட லைசென்ஸ் வைத்திருக்கிற எலக்ட்ரீஷியன் வரவேண்டும். கேரவனுக்குள் ஓடும் 240 வோல்ட் ஒயரும் அப்படித்தான். கேமராவுக்கு வெறும் 12 வோல்ட், அதனால் நாமே தொடலாம். அதிலும் ஒரு சௌகரியம் பாருங்கள்: கேமராவுக்கு வேண்டிய கரன்ட் டிரைவர் முன்னாலிருக்கும் திரையிலிருந்து அதே கேபிளில் போகும், படம் அதே கேபிளில் திரும்பி வரும். கேரவனின் ஒயரிங்கில் கை வைக்கவே வேண்டாம்.

சனிக்கிழமை முழுக்கக் கேரவனுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தேன். கேபிளைப் பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டு, சக்கரம், பிரேக், காஸ் குழாய் எதுவும் உரசாதபடி சேஸிஸ் ஓரமாகக் கட்டிக்கொண்டே போனேன். மகன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கேட்டதைத் தவிர மற்ற ஸ்பானர்களையெல்லாம் எடுத்துக் கொடுத்தான்.

பின்சுவரின் உச்சியில் ஓட்டை போட வேண்டிய நேரம் வந்தது. உள்ளே ஒயர் ஏதும் ஓடவில்லை என்று பார்த்துவிட்டு, மெயின் பிளக்கையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு டிரில்லை வைத்தேன். "ஏங்க, அது நம்ம சேமிப்பு முழுசும்ங்க" என்றாள் மனைவி. கை நடுங்காமல் போட்டேன் என்று சொன்னால் நம்பவா போகிறீர்கள்? மழைத்தண்ணீர் உள்ளே போகாமல் ரப்பர் வளையமும் ஸீலன்ட்டும் வைத்து அடைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கார். சாவி போட்டால் மட்டும் கரன்ட் வருகிற பியூஸிலிருந்து திரைக்கு ஒரு ஒயர். ரிவர்ஸ் லைட்டிலிருந்து இன்னொரு மெல்லிய ஒயர். ரிவர்ஸ் கியர் விழுந்ததும் திரையை உசுப்பிவிடுவது அதுதான். காருக்கும் கேரவனுக்கும் நடுவில், திருப்பத்தில் இழுபடாமல் இருக்கச் சுருள் கேபிள். மனைவி பிரேக்கை மிதித்துக்கொண்டு கியரைப் போட, நான் பின்னால் மல்ட்டிமீட்டருடன்.

"வருதாங்க?"

"பன்னெண்டு வருதும்மா!"

லாட்டரியே விழுந்த மாதிரி இருவரும் கத்தினோம்.

திரையில் படம் கண்ணாடிபோல இடம் வலம் மாறி வரும்படி வைத்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் படத்தில் இடது பக்கம் தெரிவது நமக்கும் இடது பக்கம். அடுத்து, கேரவனிலிருந்து 1 மீட்டர், 2 மீட்டர் தூரத்தில் தரையில் சாக்பீஸ் கோடு போட்டு, அவை திரையில் எங்கே விழுகின்றன என்று பார்த்து வைத்துக்கொண்டேன். திரையில் தானாக வரும் கலர்க் கோடுகளுக்கு என் கேரவனின் உயரம் எப்படித் தெரியும்?

போன மாதம் அப்பல்லோ பே போயிருந்தோம். மனைவி இறங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு, என் கண்ணாடியில் தெரிகிற மாதிரி வந்து நின்றாள். "வாங்க" என்று கையும் காட்டினாள். மெதுவாக நகர்ந்தேன். திரையின் ஓரத்தில் சிவப்பாக ஏதோ அசைந்தது. பிரேக்! பக்கத்து டென்ட்டிலிருந்து வந்த வாண்டு ஒன்று, குட்டி சைக்கிளோடு நேர் பின்னால் நின்று எங்கள் கேரவனை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. மனைவி நின்ற பக்கத்திலிருந்து அது தெரியவே தெரியாது. எனக்கு வேர்த்துவிட்டது. அந்தப் பொடிசு பெல் அடித்துவிட்டுப் போய்விட்டது.

இந்தியாவில் 2019 ஜூலை முதல் தயாராகும் கார்களில் ரிவர்ஸ் சென்சார் கட்டாயம். உங்களுடையது பழைய காரா? இதே வேலையை நீங்களும் செய்யலாம், கார் அடியில் அரை நாள் படுத்தால் போதும். ஆனால் கேமராவுக்குப் பக்கவாட்டில் கண் கிடையாது. லென்ஸில் புழுதி படிந்தால் நேராகவும் கிடையாது. அதனால் அப்பா சொன்ன ஒரு சுற்று எப்போதும் உண்டு.

புழுதி துடைக்கிற உத்தியோகத்தை மகனுக்குக் கொடுத்திருக்கிறேன். என் தோளில் ஏறித் துணியால் லென்ஸைத் துடைப்பான். பிறகு காருக்குள் போய் அவன் ஸீட்டில் உட்கார்ந்து, பெல்ட் மாட்டி, "ரைட்" என்று குரல் கொடுத்தால்தான் நான் ரிவர்ஸ் கியரையே தொடுவேன். சம்பளம், தடவைக்கு ஒரு சாக்லெட்.

ஐயா இப்போது இன்கிரிமென்ட் கேட்கிறார்!